கார்ட்டூன்தானே!

1997இல் வெளிவந்த ‘பேட்மேன் அண்ட் ராபின்’ படத்தின் படப்பிடிப்பு எப்படி நடந்தது என்பதை, அதில் நடித்த ஜான் க்ளோவர் பல ஆண்டுகள் கழித்து ஓர் ஆவணப்படத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். காட்சியைப் படமாக்கத் தொடங்குமுன் இயக்குநர் ஜோயல் ஷூமாக்கர் ஒலிபெருக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு, இது ஒரு கார்ட்டூன் என்பதை யாரும் மறந்துவிட வேண்டாம் என்று அறிவிப்பாராம். கேட்பவருக்குச் சிரிப்பு வரக்கூடிய செய்திதான். எங்களுக்கு வருவதில்லை. அந்தப் படத்து வில்லனின் கதை மெய்யாகவே ஒரு கார்ட்டூனிலிருந்து எடுக்கப்பட்டது. அந்தக் கார்ட்டூனை உருவாக்கியவர்களோ ‘கார்ட்டூன்தானே’ என்று ஒரு கணமேனும் எண்ணியதாகத் தெரியவில்லை.

‘எங்களுக்கு’ என்றால் அண்ணன், தங்கை இருவருக்கும். இருவருமாகச் சேர்ந்தே இதை எழுதுகிறோம். மௌனியைப் பற்றியும் தாஸ்தாயெவ்ஸ்கியைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும் நண்பர்களிடையே வௌவால் முகமூடி அணிந்த ஒருவனின் கதையைத் தூக்கிக்கொண்டு வருவதில் கூச்சம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் துக்கம் என்பதைக் கலை எப்படிக் காட்டலாம் என்று எங்களுக்குக் கற்றுத்தந்தவற்றை நேர்மையாக வரிசைப்படுத்தினால், இருபத்திரண்டு நிமிடம் ஓடும் ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ என்ற கார்ட்டூன் அதில் வந்தே தீரும்.

மிஸ்டர் ஃப்ரீஸ் 1959இல் பேட்மேன் சித்திரக்கதையில் மிஸ்டர் ஜீரோ என்ற பெயரில் அறிமுகமானவன். பனியை உமிழும் துப்பாக்கியால் கொள்ளையடிப்பவன். வேறு விசேஷம் எதுவுமில்லை. 1966இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரில்தான் ஃப்ரீஸ் என்ற பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. அதில் மூன்று நடிகர்கள் மாறிமாறி இந்த வேடத்தைக் கட்டினார்கள். (அவர்களில் ஒருவர் ‘லாரா’ படத்தை இயக்கிய அதே ஓட்டோ ப்ரெமிங்கர் என்பது நம்புவதற்குக் கடினமான, ஆனால் உண்மையான தகவல்.) மூன்று பேர் மாறியும் பெரிய நஷ்டம் ஏதும் நேரவில்லை என்பதிலிருந்தே அந்தப் பாத்திரத்தின் கனத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

1992 செப்டம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்’ தொடங்கியது. புரூஸ் டிம்மும் எரிக் ராடாம்ஸ்கியும் அதன் பொறுப்பாளர்கள். இத்தொடருக்கான பின்னணி ஓவியங்களை வெள்ளைத் தாளில் வரையாமல் கறுப்புத் தாளில் வரைந்தார்கள். வழக்கமாக ஓவியர் வெளிச்சத்தின்மீது நிழலைப் பூசுவார்; இங்கே இருட்டுதான் இயல்பு நிலை, சன்னலோ தெருவிளக்கோ வேண்டிய இடத்தில் மட்டும் வெளிச்சத்தை வைத்தார்கள். குழந்தைகள் பார்க்கும் நேரத்தில் ஒளிபரப்பாகும் நிகழ்ச்சிக்கு எவ்வளவு பெரிய துணிச்சல் இது!

‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ இத்தொடரின் தொடக்க நாட்களிலேயே வந்த அத்தியாயம். எழுதியவர் பால் டினி. இயக்கியவர் புரூஸ் டிம். டினி இதற்காக எம்மி விருது பெற்றார். கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விக்டர் ஃப்ரைஸ் உறைகுளிர் ஆய்வு செய்யும் விஞ்ஞானி. குணப்படுத்த இயலாத நோயால் சாகக் கிடக்கும் மனைவி நோராவை, மருந்து கண்டுபிடிக்கும் வரையிலாவது காப்பாற்றி வைப்போம் என்று, தான் வேலைபார்க்கும் நிறுவனத்தின் கருவியிலேயே உறைநிலையில் வைத்திருக்கிறான். செலவைக் காரணம் காட்டி முதலாளி கருவியை நிறுத்தச் சொல்கிறான். கைகலப்பில் விக்டர் ரசாயனங்களின் மேல் போய் விழுகிறான். அதன்பிறகு உறைகுளிரில் மட்டுமே அவன் உயிர்வாழ முடியும். குளிரூட்டிய கவசம் ஒன்றை அணிந்துகொண்டு முதலாளியைப் பழிவாங்கக் கிளம்புகிறான்.

இதை மிகைநாடகமாக ஆக்க எல்லா வாய்ப்பும் இருந்தது. அவர்கள் ஆக்கவில்லை. ஃப்ரீஸுக்குக் குரல் கொடுத்த மைக்கேல் அன்சாரா ஏற்ற இறக்கமே இல்லாமல் பேசுகிறார். இயந்திரம் பேசுவதுபோல இருக்கிறது. ஆனால் இயந்திரத்தினுள்ளே யாரோ இருக்கிறார்கள் என்பதும் தெரிகிறது. முகத்தை எடுத்துக்கொண்டால் ஏழெட்டுக் கோடுகள்தாம். கண் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்புக் கண்ணாடி. அழுவதற்கோ சிரிப்பதற்கோ அந்த முகத்தில் இடமே கிடையாது. நடனமாடும் பெண்ணின் சிறு பொம்மை உள்ளே இருக்கும் கண்ணாடி உருண்டை ஒன்றை அவன் கையில் வைத்திருக்கிறான்; அசைத்தால் உள்ளே பனி பொழியும். அதைப் பார்த்துத்தான் பேசுகிறான். கடைசியில் குளிரூட்டிய சிறை அறையில் அந்த உருண்டையோடு உட்கார்ந்து நோராவிடம் மன்னிப்புக் கேட்கிறான். அவ்வளவுதான். கோடுகள் விட்டுவைத்த வெற்றிடத்தைப் பார்ப்பவர்களாகிய நாம் நிரப்பிக்கொள்கிறோம். நல்ல சிறுகதைகளில் நடப்பதும் இதுதானே.

நகைச்சுவையும் இல்லாமலில்லை. அந்த அத்தியாயம் முழுக்கப் பேட்மேனுக்குச் சளி. ஆல்ஃபிரெட் குடுவையில் கோழி சூப் ஊற்றிக் கொடுத்து அனுப்புகிறார். இறுதிச் சண்டையில் வேறு வழியின்றிப் பேட்மேன் அந்தச் சூடான சூப்பையே ஆயுதமாக்கிவிடுகிறான். சிரிப்பு வருகிறது, உடனே இன்னொன்றும் உறைக்கிறது. இவனுக்குச் சளி பிடித்தால் சூப் வைத்துக் கொடுக்க வீட்டில் ஒருவர் இருக்கிறார். எதிரே நிற்பவனுக்கு அப்படி இருந்த ஒரே ஆளையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் எங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது. 2004இல் அம்மா பத்தொன்பது நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம் ஒருவர் மட்டும் உள்ளே போய்ப் பார்க்கலாம். மற்ற நேரமெல்லாம் அப்பா அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே நிற்பார். நாற்காலி இருந்தது, உட்கார மாட்டார். அம்மாவின் மூக்குக்கண்ணாடிக் கூடு அவருடைய சட்டைப் பையில் இருக்கும். அவ்வப்போது எடுத்து, திறந்து பார்த்து, மூடி உள்ளே வைத்துக்கொள்வார். உறவினர்கள் வந்து, “அழுதுடுங்க அண்ணா, பாரம் இறங்கும்” என்றார்கள். அப்பா எல்லோருக்கும் காபி வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். கல்நெஞ்சக்காரர் என்று பின்னால் யாரோ பேசியதாகவும் எங்கள் காதுக்கு வந்தது.

அம்மா போய்ச் சில மாதங்களுக்குப் பிறகு ஓர் இரவு நாங்கள் இருவரும் இந்த அத்தியாயத்தைக் குறுவட்டில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏற்கெனவே பலமுறை பார்த்ததுதான். கார்ட்டூன் பக்கமே திரும்பாத அப்பா, தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவர், எங்களுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆங்கிலம் அவருக்கு ஓரளவு புரியும். முடியும் வரை ஒன்றும் பேசவில்லை. முடிந்ததும் கேட்டார்: “அந்த உருண்டைய அவன்கிட்டயே விட்டுட்டாங்களா?”

“ஆமாம்ப்பா.”

“நல்லது” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

விமர்சனம் என்ற பெயரில் இந்த அத்தியாயத்தைப் பற்றி நாங்கள் படித்த எதுவும் அந்தக் கேள்விக்கு அருகில்கூட வரவில்லை.

இப்போது 1997க்கு வருவோம். ‘பேட்மேன் அண்ட் ராபின்’ இதே கதையை எடுத்துக்கொள்கிறது. கண்ணாடித் தொட்டிக்குள் உறைந்து மிதக்கும் மனைவி இருக்கிறாள். திருமண நாளின் படச்சுருளை ஓட்டிப் பார்க்கும் கணவன் இருக்கிறான். எடுத்தவர்கள் மூலத்தைப் படிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அதே மறைவிடத்தில் ஃப்ரீஸ் தன் அடியாட்களை வரிசையாக உட்காரவைத்து, பழைய கிறிஸ்துமஸ் பொம்மைப் படம் ஒன்றின் பாட்டைப் பாட வைக்கிறான். வாயைத் திறந்தால் குளிர், பனி, உறைதல் என்று சிலேடை. துக்கத்தைச் சொல்லும் காட்சி ஒன்று, அதைக் கேலிசெய்யும் காட்சி மூன்று என்ற கணக்கில் படம் நகர்கிறது. அப்பா அதையும் எங்களோடு பார்க்க உட்கார்ந்தார், வேறொரு நாளில், தொலைக்காட்சியில். பாதியில் எழுந்து உள்ளே போய்ப் படுத்துவிட்டார். காரணம் கேட்கும் துணிவு எங்களுக்கு வரவில்லை.

ஷூமாக்கரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. டிம் பர்ட்டன் 1992இல் எடுத்த ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ அளவுக்கு மீறி இருண்டிருக்கிறது, குழந்தைகளுக்கு ஆகாது என்று புகார்கள் எழுந்திருந்தன. தயாரிப்பாளர்களுக்கு வெளிச்சமான, பொம்மை விற்கக்கூடிய படம் தேவைப்பட்டது. ஷூமாக்கர் அதைச் செய்து கொடுத்தார். 2005இல் வெளிவந்த குறுந்தகட்டுப் பதிப்பில், ஏமாற்றமடைந்த ரசிகர்களிடம் அவர் மன்னிப்பும் கேட்டார். அது எங்களைப் பொறுத்தவரை போதுமானது. தாங்கமுடியாத விஷயம் வேறு. ஃப்ரீஸாக நடித்தவர் அர்னால்ட் ஷ்வார்ஸ்நெக்கர். 1984இல் ‘தி டெர்மினேட்டர்’ படத்தில் மிகச் சில வசனங்களை மட்டும் பேசி, முகத்தில் ஒரு தசையும் அசையாமல், வெறும் நிற்பதாலும் நடப்பதாலும் உலகையே மிரட்டியவர். அன்சாராவின் குரல் செய்ததை உடலால் செய்யக்கூடிய நடிகர் ஒருவர் உண்டென்றால் அவர் இவர்தான். அப்பேர்ப்பட்டவரைப் பிடித்துவந்து, வாய்க்குள் நீல விளக்குப் பொருத்தி, சிலேடை பேச வைத்தார்கள்.

நடிகர்களை வைத்து எடுக்கும் படம் கார்ட்டூனுக்கு ஈடாகவே முடியாது என்பதல்ல எங்கள் கட்சி. ஈடான ஒரு படம் உண்டு. அதைப் பேச அரை நூற்றாண்டுக்கும் மேல் பின்னோக்கிப் போகவேண்டும்.

1938இல் சித்திரக்கதையில் பிறந்தபோது சூப்பர்மேன் பறக்கவில்லை, தாவினான். 1941இல் ஃப்ளெய்ஷர் சகோதரர்கள் அவனைக் கார்ட்டூனாக்க முனைந்தபோது, தாவித்தாவிப் போகும் உருவம் திரையில் வேடிக்கையாக இருந்ததால் பறக்க வைத்தார்கள். இந்தச் சகோதரர்களில் மூத்தவரான மாக்ஸ் ஃப்ளெய்ஷர்தான் ரோட்டோஸ்கோப் என்ற கருவியைக் கண்டுபிடித்தவர்; மனிதர்களின் அசைவை முதலில் படமெடுத்து, ஒவ்வொரு சட்டகத்தின் மேலும் தாளை வைத்துக் கோடாக இழுத்துக்கொள்ளும் முறை அது. சதையிலிருந்து கோட்டுக்குப் போவதற்கு அவர் பாதை போட்டார். கோட்டிலிருந்து சதைக்குத் திரும்பும் பாதையைத்தான் பிறகு எல்லோரும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

1948இல் கொலம்பியா நிறுவனம் கிர்க் அலினை சூப்பர்மேனாக்கிப் பதினைந்து பகுதிகள் கொண்ட தொடர்படம் எடுத்தது. அலினைக் கம்பியில் தொங்கவிட்டுப் பார்த்தார்கள், சரிவரவில்லை. கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? அலின் ஓடிவருவார், எம்பப் போவார். அடுத்த கணம் அவர் இருந்த இடத்திலிருந்து ஒரு கார்ட்டூன் உருவம் கிளம்பிப் பறந்துபோகும். இறங்கும்போது மறுபடியும் அலின். இன்று பார்த்தால் குழந்தைகூடச் சிரிக்கும். எங்களுக்கோ அந்தத் தொடர்படத்தின்மேல் தனி மரியாதை உண்டு. தங்களால் முடியாததை முடியும் என்று அவர்கள் பாவனை செய்யவில்லை.

ரிச்சர்ட் டோனர் இயக்கிய ‘சூப்பர்மேன்’ முப்பது ஆண்டுகள் கழித்து, 1978இல் வந்தது. பறக்கும் காட்சிகளுக்காக ஸோரன் பெரிசிக் என்பவர் புதிய முறை ஒன்றை உருவாக்கினார். நடிகர் அசையாமல் ஓரிடத்தில் இருப்பார். பின்னணியைத் திரையில் வீசும் புரொஜெக்டரின் ஜூம் வில்லையும் படம்பிடிக்கும் காமிராவின் ஜூம் வில்லையும் ஒன்றோடொன்று இசைந்து நகரும். பார்ப்பவருக்கு அவர் நம்மை நோக்கி வருவதாகவும் விலகிச் செல்வதாகவும் தோன்றும். அப்படத்தின் காட்சி நுணுக்கங்களுக்கு ஆஸ்கர் சிறப்பு விருது கிடைத்தது. ஆனால் நாங்கள் நம்பியது அந்தக் கருவியால் அல்ல. கிறிஸ்டோபர் ரீவ் திரும்பும்போது தோளைச் சாய்க்கிறார், பார்வையை முதலில் அனுப்பிவிட்டு உடலைப் பின்னால் கொண்டுவருகிறார். காற்று இருக்கிறது என்று அவர் உடல் நம்புகிறது. நாமும் நம்பிவிடுகிறோம்.

இதைவிட நுட்பமான இடம் ஒன்று உண்டு. ஃப்ளெய்ஷர் கார்ட்டூன்களிலும் அக்காலத்து வானொலித் தொடரிலும் சூப்பர்மேனுக்குக் குரல் கொடுத்தவர் பட் காலியர். கிளார்க் கென்ட்டாக மென்குரலில் தொடங்கும் ஒரு வாக்கியத்தை, நடுவிலேயே குரலை ஆழத்துக்கு இறக்கி, சூப்பர்மேனாக முடிப்பார். முகபாவம் அதிகம் காட்டவியலாத கோட்டோவியத்தில் வேடம் மாறுவதை உணர்த்த அவருக்கு இருந்த ஒரே கருவி தொண்டை. 1978 படத்தில் லோயிஸின் வீட்டில் ரீவ் தனியே நிற்கும் காட்சி வரும். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைக்கிறார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிறார், முதுகு நிமிர்கிறது, தோள் விரிகிறது, குரல் இறங்குகிறது. உயரமே கூடிவிட்டது போலிருக்கிறது. அவள் வந்ததும் துணிவு போய், மறுபடி கூனிக் குறுகி கென்ட் ஆகிவிடுகிறார். வெட்டு இல்லை, தந்திரம் இல்லை. ஒரு மனிதனின் முதுகெலும்பு மட்டும்தான். காலியர் தொண்டையில் வைத்திருந்ததை ரீவ் முதுகில் கண்டெடுத்தார். தழுவல் என்று நாங்கள் மதிப்பது இதைத்தான்.

வரைந்ததை அப்படியே நகலெடுக்கப் போனால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணங்கள் ஏராளம். பிராட் பேர்டின் ‘தி இன்க்ரெடிபிள்ஸ்’ (2004) படத்தில் ரப்பர் போல நீளும் ஹெலன், எதிரியின் கோட்டையில் பல தானியங்கிக் கதவுகளுக்கிடையில் ஒரே சமயத்தில் மாட்டிக்கொள்வாள். கால் ஓரிடம், இடுப்பு ஓரிடம், கை இன்னோரிடம். ஓர் அம்மாவின் அன்றாடம்தான் அது என்று நம் வீட்டுப் பெண்கள் உடனே கண்டுகொள்வார்கள். அடுத்த ஆண்டே வந்த ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ படத்தில் ரீட் ரிச்சர்ட்ஸின் கை நீளும்போது நமக்கு எழும் முதல் கேள்வி, எலும்பு என்னவாயிற்று என்பதே. கோட்டுக்கு எலும்பு கிடையாது. நடிகருக்கு உண்டு. கணினி அதை மறைக்கலாம். நம் உடல் மறக்காது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ சூப்பர்ஹீரோ கதை என்று கறாராகச் சொல்ல முடியாது, எனினும் நெருங்கிய உறவு. 2005 முதல் 2008 வரை 61 அத்தியாயங்கள். நீர், நிலம், நெருப்பு, காற்று ஆகியவற்றை ஆள்பவர்களின் ஒவ்வொரு அசைவையும் மெய்யான சீனத் தற்காப்புக் கலைகளிலிருந்து எடுத்து வரைந்திருந்தார்கள். நீருக்குத் தாய்ச்சி, நிலத்துக்கு ஹுங்கார் என்று கலைக்கொன்றாக. மாஹேயில் பிறந்த மனோஜ் நைட் ஷ்யாமளன் 2010இல் இதை நடிகர்களை வைத்து எடுத்தார். முதல் பருவத்தின் இருபது அத்தியாயங்களை ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் அடைத்ததும், ஆசியச் சாயல் கொண்ட பாத்திரங்களுக்கு வெள்ளையர்களை அமர்த்தியதும் அப்போதே வேண்டிய மட்டும் பேசப்பட்டுவிட்டன. எங்களுக்கு உறுத்துவது ஒரு சிறைக்காட்சி. கார்ட்டூனில் மண்ணை ஆளும் மக்களைக் கடல் நடுவே, இரும்பால் ஆன மேடையில் சிறைவைத்திருப்பார்கள். காலடியில் ஒரு பிடி மண்கூட இல்லாததே அவர்களின் சிறை. படத்தில் அவர்களை மண்தரையில், மலைப்பாறைகளுக்கு நடுவே அடைத்து வைத்திருக்கிறார்கள். இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தார்கள் என்று சிறுவன் ஒருவன் கேட்டால் பதில் இல்லை. பிறகு ஆறு பேர் சேர்ந்து நீளமாக ஏதோ ஆடி முடிக்க, ஒரு சின்னக் கல் மெதுவாக மிதந்து போகிறது.

கவனித்தால், இது பணத்தாலோ தொழில்நுட்பத்தாலோ வந்த குறை அல்ல. இரும்பு மேடை ஒன்றைக் கட்டுவதற்கு அவர்களிடம் பணம் இல்லாமலா போயிற்று? அந்தச் சிறை ஏன் இரும்பால் ஆனது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. ஒலிபெருக்கியில் சொல்லப்படாவிட்டாலும் அங்கும் அதே வாக்கியம் காற்றில் இருந்திருக்கிறது.

சில விஷயங்கள் எந்த நடிகராலும் ஆகாதவை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். 2018இல் வந்த ‘ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ்’ படத்தில், காட்டுக்குள் வலைவீசித் தப்பும்போது, பழகிய பீட்டருக்கு விநாடிக்கு இருபத்து நான்கு நிலைகளும், கற்றுக்குட்டியான மைல்ஸுக்குப் பன்னிரண்டு நிலைகளும் கொடுத்திருக்கிறார்கள். ஒரே சட்டகத்தில் இருவரும் வெவ்வேறு காலத்தில் இயங்குகிறார்கள். கணக்குத் தெரியாதவர் கண்ணுக்கும் பையன் தடுமாறுவது தெரிந்துவிடுகிறது. இதைத் தழுவ நினைப்பவர் தடுமாற்றத்தைத் தன் நடிகரின் உடலில் முதலிலிருந்து தேடவேண்டியதுதான்.

ஃப்ளெய்ஷரின் சூப்பர்மேன் வரிசை மொத்தம் பதினேழு படங்கள். பிற்பாதி வேறு பெயரில் இயங்கிய நிறுவனம் முடித்துக் கொடுத்தது. காப்புரிமை காலாவதியாகிவிட்டதால் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. பார்க்க விரும்பும் நண்பர்கள் இரண்டாவதான ‘தி மெக்கானிக்கல் மான்ஸ்டர்ஸ்’ படத்திலிருந்து தொடங்கலாம், பத்து நிமிடம்தான். கொதிக்கும் உலோகக் குழம்பு மேலிருந்து கொட்டும்போது சூப்பர்மேன் தன் மேலங்கியை விரித்து லோயிஸை மூடிக்கொள்ளும் இடம் வரும். அந்த நேரத்தில் துணியின் மடிப்புகளை எப்படி வரைந்திருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.